நான்சியும் மியோஷியும் ஒருவரேதான்

மியோஷி உமேகியை நடிகை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். 2021இல் தென்கொரியாவின் யூன் யோ-ஜங் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் வாங்கியபோது செய்திகளில் இவர் பெயர் திடீரென்று அடிபட்டது. அந்த விருதை வாங்கிய முதல் ஆசியப் பெண், 1958ஆம் ஆண்டு, ஜப்பானிய நடிகை. அவ்வளவுதான், அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். தகவலில் தப்பில்லை. ஆனால் அந்த மேடையில் ஏறியபோது அவர் நடித்திருந்த ஹாலிவுட் படம் ஒன்றே ஒன்று. பாட ஆரம்பித்தோ பத்து வருஷம் தாண்டியிருந்தது. பாட்டுதான் அவரை ஜப்பானின் வடகோடியிலிருந்து டோக்கியோவுக்கும், டோக்கியோவிலிருந்து நியூயார்க்குக்கும் கொண்டுபோனது. நடிப்பு நடுவில் வந்து ஒட்டிக்கொண்டது.

பிறந்தது 1929 மே 8, ஹொக்கைடோ தீவில் ஒட்டாரு என்ற துறைமுக ஊரில். ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பாவுக்குச் சொந்தமாக இரும்புத் தொழிற்சாலை. ஹெர்ரிங் மீனும் நிலக்கரியும் கப்பலேறிய ஊர் ஒட்டாரு. வங்கிகள் வரிசைகட்டி நின்றதால் வடக்கின் வால் ஸ்ட்ரீட் என்று பெயர் வாங்கியிருந்தது. பனி கொட்டும் ஊர்தான், ஆனால் பட்டிக்காடு இல்லை. கப்பல் வந்துபோகிற எந்த ஊரையும்போல அங்கேயும் வெளிநாட்டுச் சங்கதிகள் சீக்கிரம் வந்து சேர்ந்தன.

அவர் வளர்ந்த காலம்தான் கோணல். 1930களில் டோக்கியோவிலும் ஒசாகாவிலும் ஜாஸ் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. நடன அரங்குகள், இசைத்தட்டுகள், உள்ளூர் நட்சத்திரங்கள் எல்லாம் உண்டு. டிக் மினே என்று ஒரு பாடகர் அப்போது பெரிய புள்ளி. 1940இல் கலைஞர்கள் அந்நியப் பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அரசாங்கம் சொன்னது. டிக் மினே, மினே கோஇச்சி ஆனார். அதே ஆண்டு டோக்கியோவின் நடன அரங்குகளை மூடினார்கள். 1943 ஜனவரியில் பகைநாட்டு இசை என்று ஏறக்குறைய ஆயிரம் அமெரிக்க, பிரிட்டிஷ் பாடல்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்தார்கள். மியோஷிக்கு அப்போது 13 வயது. எந்தப் பாட்டைக் கேட்டால் சிறுமிகள் மயங்கிப்போவார்களோ அந்தப் பாட்டெல்லாம் குற்றமாகிவிட்ட வயது.

அப்புறம் 1945 ஆகஸ்டில் போர் முடிந்தது. அக்டோபரில் அமெரிக்கத் துருப்புகள் ஒட்டாரு துறைமுகத்திலேயே வந்து இறங்கின. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எதைப் பாடினால் போலீஸ் வருமோ, அதைப் பாடத் தெரிந்தவர்களுக்கு இப்போது வேலை காத்திருந்தது.

இந்த வேலை எப்படி நடந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த கதை. ஆக்கிரமிப்புப் படைகள் இருந்த இடமெல்லாம் கிளப்புகள் முளைத்தன. அதிகாரிகளுக்கு ஒன்று, சார்ஜென்ட்களுக்கு ஒன்று, சாதாரணச் சிப்பாய்களுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் இரவு தவறாமல் இசை வேண்டும். அமெரிக்காவிலிருந்து அத்தனை வாத்தியக்காரர்களைக் கப்பலில் கொண்டுவர முடியுமா? உள்ளூர் ஆட்களைத்தான் பிடித்தாக வேண்டும். டோக்கியோவில் சாயங்கால வேளையில் பெரிய ரயில் நிலையங்களின் வாசலில் வாத்தியப் பெட்டியோடு ஆட்கள் நிற்பார்கள். ராணுவ லாரி வந்து, டிரம்ஸ் ஒருவர், டிரம்பெட் ஒருவர் என்று அங்கேயே பொறுக்கி ஏற்றிக்கொண்டு போகும். ஒருவரையொருவர் முன்பின் பார்த்திராதவர்கள் அன்றிரவே ஒரு குழுவாக வாசிப்பார்கள். பிறகு இதற்கு ஒரு ஒழுங்கு வந்தது. பரீட்சை வைத்து இசைக்கலைஞர்களைத் தரம் பிரித்தார்கள், தரத்துக்கேற்ற கூலி. அந்தக் கூலியையும் ஆக்கிரமிப்புச் செலவு என்ற கணக்கில் ஜப்பான் அரசாங்கமே கொடுத்தது. தோற்ற நாடு கையிலிருந்து காசு போட்டு ஜாஸ் வளர்த்தது என்று சொன்னால் மிகையாகாது. சோற்றுக்குத் திண்டாடிய அந்த ஆண்டுகளில் கிளப்புக்குள் போனால் வயிறு நிறையும். எத்தனையோ பேர் ஜாஸ் கற்றுக்கொண்டதற்கு முதல் காரணம் அதுதான்.

பாடம் படிக்கப் பள்ளிக்கூடம் கிடையாது. ராணுவ வானொலி பகல் முழுக்கப் பாடிக்கொண்டிருக்கும். சிப்பாய்கள் கூடிப் பாடுவதற்காக அமெரிக்க ராணுவம் மாதாமாதம் அச்சடித்த பாட்டுப் புத்தகங்கள் கைமாறி வரும். வானொலியில் காதை வைத்துச் சொற்களை ஒலியாகவே பிடித்து, கத்தகானா என்ற ஜப்பானிய எழுத்தில் எழுதிவைத்து, இரவு மேடையேறிப் பாட வேண்டியதுதான். மியோஷியின் வீட்டில் ஒரு வசதி இருந்தது. அண்ணன் ஒருவர் அமெரிக்கப் படையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். சிப்பாய்களே நடத்திய ஒரு ஜாஸ் குழுவில் ஒட்டாருவிலேயே பாட ஆரம்பித்தார். பதினாறு, பதினேழு வயது இருந்திருக்கும்.

அங்கே அவருக்கு ஒட்டிய பெயர் நான்சி உமேகி. அந்தத் தலைமுறை இசைக்கலைஞர்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் சிரிப்பு வரும். பெக்கி ஹாயாமா, ஃபிராங்க் நாகாய், ஃபிராங்கி சாகாய், ஜார்ஜ் கவாகுச்சி. பாதி கலிஃபோர்னியா, பாதி டோக்கியோ. 1940இல் அரசாங்கம் பிடுங்கிப்போட்ட அந்நியப் பெயர்கள் ஆறே வருஷத்தில் சோறுபோடும் பெயர்களாகத் திரும்பி வந்தன. டிக் மினேயும் மறுபடி டிக் மினே ஆகிவிட்டார். நான்சிக்கும் அந்தப் பெயர்தான் மூலதனம். ஊரை நினைத்து ஏங்கிக்கொண்டிருக்கும் சிப்பாய்க்கு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஓஹையோவிலோ அயோவாவிலோ இருப்பதுபோல ஒரு குரல் வேண்டும். அவர் கொடுத்தார்.

பிறகு டோக்கியோவுக்குப் போனார். 1950 முதல் 1954 வரை ஜப்பானிய விக்டர் நிறுவனத்துக்காகப் பதிவுசெய்த பாடல்கள்தான் இன்று நம் கைக்குக் கிடைக்கும் நான்சி. பெரும்பாலும் அப்போது அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த மெல்லிசைப் பாடல்கள். சிலவற்றை முழுக்க ஆங்கிலத்தில் பாடினார், சிலவற்றைப் பாதி ஆங்கிலமும் பாதி ஜப்பானியமுமாக.

‘மை ஃபூலிஷ் ஹார்ட்’ பாடலை எடுத்துக்கொள்கிறேன். எத்தனையோ பேர் பாடிய பாட்டு. கமகத்துக்குப் பழகிய நம் காதுக்கு முதல் தடவை அது வெறுமையாகப் படலாம். குரலை எங்கேயும் சுழற்ற மாட்டார், உச்சத்தில் போய் நின்று கைதட்டல் கேட்க மாட்டார். தாழ்ந்த ஸ்தாயி, விளிம்பில் லேசான கரகரப்பு. இரண்டாம் மூன்றாம் தடவை கேட்கும்போதுதான் அவர் செய்கிற வேலை பிடிபடும். தாளத்துக்கு ஒரு நூலிழை பின்னாலேயே வருவார். வாத்தியங்கள் அடுத்த இடத்துக்குப் போய்விட்டன, இவர் இன்னும் முந்தைய சொல்லிலேயே இருக்கிறார், விட்டுவிடுவாரோ என்று நமக்குத் தோன்றும்போது கச்சிதமாக வந்து சேர்ந்துவிடுவார். ஒரு அடியின் கடைசிச் சொல்லை இழுக்காமல் அப்படியே மூச்சில் கரையவிடுவார். இருபத்தொரு வயதுப் பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது இந்த நிதானம் என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். சுற்றிலும் குடியும் புகையும் கூச்சலுமாக இருந்த கிளப்புகளில் நான்கு வருஷம் பாடிப் பழகியவர், கத்தித்தான் காதுகளைப் பிடித்திருப்பார் என்று நினைப்போம். இவர் கத்தவே இல்லை.

அமெரிக்காவிலிருந்து வந்த எதையும் அந்நாளைய ஜப்பானில் ஜாஸ் என்றே சொன்னார்கள். மாம்போ, ஹவாய்ப் பாட்டு, நாட்டுப்புறப் பாட்டு எல்லாம் ஒரே கூடையில். அதனால் அப்போது ஜாஸ் பாடகி என்று பேர்பெற்ற பலரை இன்றைய ஜாஸ் ரசிகர்கள் ஏற்க மாட்டார்கள். 1952இல் எரி சியெமி என்ற பதினைந்து வயதுச் சிறுமி ‘டென்னஸீ வால்ட்ஸ்’ பாடி நாட்டையே ஆட்டிவைத்தார். அருமையான பாட்டு, அருமையான குரல், ஆனால் ஜாஸுக்கும் அதற்கும் தூரம். நான்சியின் நிலைமை வேறு. எடுத்துக்கொண்டது சினிமாப் பாட்டானாலும் அதை அவர் நகர்த்திய விதம் ஜாஸ்தான். ஜாஸ், பாப் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய ஆள்.

1952 ஏப்ரலில் ஆக்கிரமிப்பு அதிகாரபூர்வமாக முடிந்தது. முகாம்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. வேலையிழந்த இசைக்கலைஞர்கள் ஜப்பானிய மக்களிடமே வந்தார்கள், மக்களும் வெறிபிடித்தாற்போல வரவேற்றார்கள். 1953 நவம்பரில் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் பியானோ கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சனும் டோக்கியோவில் மேடையேறினார்கள், டிசம்பரில் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் வந்தார். அதே ஆண்டு ‘செய்ஷுன் ஜாஸு முசுமே’ என்ற படத்தில் நான்சியும் வந்துபோனார். அந்த அலை நீண்டநாள் நிற்கவில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் மாம்போ வந்தது, பிறகு ராக்கபில்லி வந்தது. 1955இல் நான்சி அமெரிக்காவுக்குக் கப்பலோ விமானமோ ஏறிவிட்டார்.

இங்கே இன்னொரு பெண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பியானோ கலைஞர் டோஷிகோ அகியோஷி. அவரும் 1929இல் பிறந்தவர், மஞ்சூரியாவில். போர் முடிந்து குடும்பம் கையில் ஒன்றுமில்லாமல் தெற்கே கியூஷு தீவின் பெப்பு ஊருக்குத் திரும்பியது. அங்கே சிப்பாய்கள் வரும் நடன அரங்கில் பியானோ வாசிக்கும் வேலை கிடைத்தது. ஒருவர் வடகோடி, ஒருவர் தென்கோடி, இருவருக்கும் ஒரே வாசல். அகியோஷியின் வாசிப்பை 1953இல் ஆஸ்கர் பீட்டர்சன் கேட்டு வியந்தார். 1956இல் அகியோஷி பாஸ்டன் பெர்க்லி இசைப்பள்ளிக்குப் படிக்கப் போனார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் கிமோனோ உடுத்திக்கொண்டு அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் பட் பவல் பாணியில் வாசித்தார். பத்திரிகைகள் தன்னைச் சூழ்ந்ததற்குக் காரணம் வாசிப்பின் தரமில்லை, ஜப்பானியப் பெண் ஒருத்தி இப்படி வாசிப்பது அவர்களுக்கு விசித்திரமாக இருந்ததுதான் என்று பிற்காலத்தில் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அகியோஷி அதைத் தாண்டி வந்தவர். சொந்தமாகப் பெரிய இசைக்குழு அமைத்து, இசையமைத்து, பதினான்கு தடவை கிராமி பரிந்துரை வரை போனார். எழுதவும் நடத்தவும் தெரிந்தவருக்கு அந்த வழி இருந்தது. பிறர் எழுதிய பாட்டைப் பாடுகிறவருக்கு அவ்வளவு இடம் கொடுக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் இறங்கியதும் நான்சி காணாமல் போனார். நான்சி என்று அங்கே தெருவுக்கு நாலு பேர், யாருக்கு வேண்டும்? மறுபடி மியோஷி. ஜப்பானில் அமெரிக்கக்காரி மாதிரி பாடியதற்குக் கூலி, அமெரிக்காவில் ஜப்பான்காரியாக நிற்பதற்குக் கூலி. ஆர்தர் காட்ஃப்ரி என்பவர் அப்போது சிபிஎஸ் தொலைக்காட்சியின் ராஜா. புதுத் திறமைகளை அறிமுகப்படுத்தும் நிகழ்ச்சி ஒன்று, தன் நிரந்தரக் குழுவோடு நடத்திய நிகழ்ச்சி இன்னொன்று. நேரடி ஒலிபரப்பிலேயே தன் பாடகர் ஒருவரை வேலையைவிட்டு அனுப்பி 1953இல் நாட்டையே வாய்பிளக்க வைத்தவர் இவர்தான். அந்தக் காட்ஃப்ரிக்கு மியோஷியைப் பிடித்துப்போனது. நிரந்தரக் குழுவில் ஒரு பருவம் முழுக்க வந்தார். கிமோனோ, ஒபி இடைப்பட்டை, தலைகுனிந்த வணக்கம், கொஞ்சம் தடுமாறும் ஆங்கிலம். ஒட்டாருவிலும் டோக்கியோவிலும் எந்த உச்சரிப்பை மறைப்பதற்கு அத்தனை பாடுபட்டாரோ, அந்த உச்சரிப்புதான் இங்கே விற்றது.

மெர்க்குரி என்ற இசைத்தட்டு நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. சில தனிப்பாடல்கள், இரண்டு எல்பி, அதாவது பல பாட்டுகள் அடங்கிய பெரிய இசைத்தட்டு. 1956இல் வந்த முதல் எல்பியின் பெயரிலேயே காட்ஃப்ரி இருக்கிறார், ‘மியோஷி சிங்ஸ் ஃபார் ஆர்தர் காட்ஃப்ரி’. அதில் நல்ல பாடல்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் விக்டர் தட்டுகளையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டால் எனக்கு முந்தையவைதான் ஒரு படி மேல். இங்கே பக்கவாத்தியம் இனிப்பு கூடியது, அவரையும் இனிக்கச் சொல்கிறது. விக்டரில் அவர் ஒரு பாடகி. மெர்க்குரியில் அழகான வெளிநாட்டு விருந்தாளி.

காட்ஃப்ரி நிகழ்ச்சி வழியாக இயக்குநர் ஜோஷுவா லோகனின் கண்ணில் பட்டார். ஜேம்ஸ் மிச்சனரின் நாவலை லோகன் படமாக்கிக்கொண்டிருந்தார். கொரியப் போர்க் காலம், ஜப்பானில் இருக்கும் அமெரிக்க விமானப்படை, ஜப்பானியப் பெண்களைக் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்ற மேலதிகாரிகளின் கெடுபிடி. மார்லன் பிராண்டோ கதாநாயகன். அவருடைய நண்பன் கெல்லியாக ரெட் பட்டன்ஸ், கெல்லியின் மனைவி கட்சுமியாக மியோஷி. பிரித்துவிடுவார்கள் என்று தெரிந்ததும் இருவரும் ஒன்றாகச் செத்துப்போகிறார்கள். ‘சயோனாரா’ 1957 டிசம்பரில் வெளிவந்தது. இன்று பார்க்கும்போது பல இடங்களில் நெளிய வேண்டியிருக்கிறது. மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மொண்டல்பானை, ஜப்பானின் மரபு நாடகமான கபுகியின் நடிகராக்கியிருக்கிறார்கள். ஆனால் கட்சுமி வரும் காட்சிகள் மட்டும் நிற்கின்றன. பட்டன்ஸும் தொழில்முறை நகைச்சுவைக்காரர், இவரும் பாடகி. இருவரும் அதிகம் நடிக்காததே அந்தக் காட்சிகளைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம்.

1958 மார்ச் 26, ஆஸ்கர் இரவு. துணை நடிகைப் பெயரை ஆண்டனி குயின் வாசித்தார். மேடைக்கு வந்த மியோஷி, யாராவது வந்து உதவினால் தேவலை, சொல்வதற்கு மனதில் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி இரண்டு வாக்கியம் பேசி நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். ரெட் பட்டன்ஸுக்கும் அன்று துணை நடிகர் விருது. அவரிடம் தோற்றவர்களில் ஒருவர் செஸ்ஸூ ஹயகாவா, குவாய் நதிப் பாலம் படத்தில் ஜப்பானிய முகாம் தளபதியாக வந்தவர். அந்தப் படத்தை இலங்கையின் கித்துல்கலவில் எடுத்தார்கள். அந்தக் கதை நடக்கும் சயாம் மரண ரயில் பாதையில் ஆயிரமாயிரமாய் மாண்டுபோன மலாயாத் தமிழர்களின் கதையை அந்தப் படம் சொல்லவில்லை என்பது நமக்கு எப்போதும் இருக்கும் மனக்குறை.

சரி, பாட்டுக்கு வருகிறேன். அவருடைய அமெரிக்க வாழ்க்கையில் எனக்கு உண்மையிலேயே முக்கியமாகத் தோன்றுவது ஆஸ்கரைவிட அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயில், செயின்ட் ஜேம்ஸ் தியேட்டரில் தொடங்கிய ‘ஃப்ளவர் டிரம் சாங்’ இசை நாடகம். ராட்ஜர்ஸ் இசை, ஹேமர்ஸ்டைன் பாடல், இயக்கம் ஜீன் கெல்லி. சான்ஃபிரான்சிஸ்கோவின் சீனர் பேட்டையில் நடக்கும் கதை. சீனாவிலிருந்து அப்பாவோடு வந்திறங்கும் மெய் லீ என்ற பெண்ணாக மியோஷி. ஜப்பான்காரிக்குச் சீனப் பெண் வேடமா என்று அன்றைய பிராட்வேயில் பெரிதாக யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. குழுவில் இருந்த இன்னொரு முக்கியப் பாடகியும் ஜப்பானிய வம்சம்தான், பாட் சுசுகி. கலிஃபோர்னியாவில் பிறந்து வளர்ந்த அமெரிக்கப் பெண். போர்க்காலத்தில் ஜப்பானிய அமெரிக்கர்களை முள்வேலிக்குள் அடைத்தார்களே, அப்படிக் கொலராடோ முகாமில் அடைபட்டவர். கணீரென்ற, அடித்து நொறுக்கும் ஜாஸ் குரல். டிசம்பர் 22 தேதியிட்ட டைம் இதழின் அட்டையில் இருவரையும் சேர்த்தே போட்டார்கள்.

மெய் லீ பாடும் ஒரு பாட்டு ‘ஐ ஆம் கோயிங் டு லைக் இட் ஹியர்’. புது ஊருக்கு வந்தவள், இந்த இடம் எனக்குப் பிடித்துப்போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். ஹேமர்ஸ்டைன் இதற்கு எடுத்துக்கொண்ட வடிவம் மலாய்க் கவிதையான பந்துனிலிருந்து கிளைத்தது. ஒரு பத்தியின் இரண்டாம், நான்காம் அடிகள் அடுத்த பத்தியின் முதல், மூன்றாம் அடிகளாக அப்படியே திரும்பி வரும். மலேசியா, சிங்கப்பூர் நண்பர்களுக்குப் பந்துன் பழக்கம். மற்றவர்கள் அந்தாதியை நினைத்துக்கொண்டால் போதும், கிட்டத்தட்டப் பக்கத்து வீடு. அந்தாதியில் முடிந்த இடமே தொடக்கம். இங்கே ஒவ்வொரு அடியும் இரண்டு தடவை வர வேண்டும், இரண்டாம் தடவை வேறொரு அடிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும்.

பாடுகிறவருக்கு இது பொல்லாத வடிவம். ஒரே மாதிரி பாடினால் தூக்கம் வரும். ஒவ்வொரு தடவையும் உணர்ச்சியைக் கூட்டிக்கொண்டே போனால் செயற்கையாகிவிடும். நாடகக் குழுவின் இசைத்தட்டில் மியோஷி என்ன செய்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். குரலின் அளவை மாற்றவே மாட்டார். திரும்பி வரும் அடியில் மூச்சை மட்டும் வேறு இடத்தில் வைப்பார். முதல் தடவை ஒரே மூச்சில் வந்த அடி, இரண்டாம் தடவை நடுவில் ஒரு நொடி தயங்கி வரும். முதல் தடவை அவள் பார்த்ததைச் சொல்கிறாள். இரண்டாம் தடவை, நம்ப முயல்கிறாள். டோக்கியோவில் தாளத்துக்கு நூலிழை பின்னால் நிற்கப் பழகியிருந்தாரே, அதே கைவேலைதான் இங்கே நாடகப் பாட்டுக்குள் வந்திருக்கிறது. இந்தப் பாட்டில் அவருடைய உச்சரிப்பும் பொருத்தமாக உட்கார்ந்துவிடுகிறது, வந்திறங்கியவள் வந்திறங்கியவளாகவே பேசுகிறாள். 2002இல் டேவிட் ஹென்றி ஹுவாங் கதையை முற்றிலும் மாற்றி எழுதி மறுபடி மேடையேற்றினார், லியா சலோங்கா பாடினார். தொழில்நுட்பமாகப் பார்த்தால் லியாவின் குரல் எங்கேயோ இருக்கிறது. இருந்தாலும் இந்தப் பாட்டுக்கு எனக்கு மியோஷிதான்.

நாடகம் 600 காட்சிகள் ஓடியது. மேடை நாடகங்களுக்கான டோனி விருதுக்கு மியோஷியின் பெயர் போனது, விருது க்வென் வெர்டனுக்குக் கிடைத்தது. 1961இல் படமாக எடுத்தபோது மியோஷியை மாற்றவில்லை. பாட் சுசுகியின் இடத்துக்கு நான்சி குவான் வந்தார், அவர் நடனமாட, பாட்டை வேறொருவர் பின்னணியில் பாடினார். கதாநாயகன் ஜேம்ஸ் ஷிகேட்டா. ஹவாயில் பிறந்த அமெரிக்கர், ஜப்பானிய மொழி தெரியாமலே ஜப்பானுக்குப் போய் அங்கே மேடையிலும் தொலைக்காட்சியிலும் பாட்டு நட்சத்திரமாக ஜொலித்துவிட்டுத் திரும்பியவர்! அவருக்கு ஜோடி, ஆங்கிலப் பாட்டுப் பாடி அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்த ஜப்பான்காரி. இந்தப் பொருத்தத்தை யாராவது திட்டம்போட்டுச் செய்திருந்தால் நம்ப மாட்டோம்.

அவருடைய மற்றப் படங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1961, 62இல் மூன்று படங்கள், மூன்றிலும் ஏறக்குறைய ஒரே ஜப்பானியப் பெண். பிறகு தொலைக்காட்சியில் விருந்தினர் வேடங்கள். 1969இலிருந்து 1972 வரை ஏபிசியில் ‘தி கோர்ட்ஷிப் ஆஃப் எடிஸ் ஃபாதர்’ தொடர். மனைவியை இழந்த அப்பா, சின்னப் பையன், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் திருமதி லிவிங்ஸ்டன். முதலாளியை அவர் ‘மிஸ்டர் எடிஸ் ஃபாதர்’ என்று கூப்பிடுவதை அந்தத் தலைமுறை அமெரிக்கர்கள் இன்னும் பிரியத்தோடு நினைவுகூர்கிறார்கள். எனக்கும் அந்த வேடத்தில் வெறுப்பில்லை. வீட்டிலேயே புத்திசாலி அந்த அம்மாள்தான் என்று தெரிகிற மாதிரி நடித்திருக்கிறார். ஆனால் அமெரிக்காவுக்கு வந்து பதினான்கு வருஷம் கழித்தும், வந்திறங்கிய வாரத்தில் பேசிய ஆங்கிலத்தையே வேடம் கேட்டது. பாடகியாகவும் புது ஆல்பம் எதுவும் இல்லை. மெர்க்குரியின் இரண்டு எல்பியோடு அது நின்றுவிட்டது. ராக் அண்ட் ரோல் வந்துவிட்ட பிறகு மெல்லிய குரலில் பழைய காதல் பாட்டுப் பாடுகிறவர்களுக்குப் பொதுவாகவே கஷ்டகாலம், இவரைப் போன்றவருக்கு ரெட்டைக் கஷ்டம்.

1972இல் தொடர் முடிந்தது, அவரும் முடித்துக்கொண்டார். வயது நாற்பதைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது. முதல் கல்யாணம் தொலைக்காட்சி இயக்குநர் ஒருவரோடு, 1967இல் விவாகரத்து. இரண்டாவது கணவர் ஆவணப்பட இயக்குநர். இருவருமாகப் படத்தொகுப்புக் கருவிகளை வாடகைக்கு விடும் தொழில் நடத்தினார்கள். கணவர் 1976இல் இறந்தார். கேட்டு வந்த பேட்டிகளையெல்லாம் மியோஷி தவிர்த்தார். கடைசி ஆண்டுகளில் மகன் குடும்பத்துக்குப் பக்கத்தில் இருப்பதற்காக மிசௌரி மாநிலத்தில் லிக்கிங் என்ற சின்னஞ்சிறு ஊருக்குப் போனார். 2007 ஆகஸ்ட் 28 அன்று அங்கேயே புற்றுநோயால் காலமானார். வயது 78.

2018இல் அவருடைய மகன் ஓர் அமெரிக்கப் பத்திரிகையிடம் சொன்ன செய்தி பலரை அதிரவைத்தது. ஆஸ்கர் சிலையில் பொறித்திருந்த தன் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு, சிலையை அம்மா தூக்கி எறிந்துவிட்டாராம். தான் யார், தான் என்ன செய்தோம் என்பது தனக்குத் தெரியும், அதற்கு இந்தப் பொருள் வேண்டியதில்லை என்று மகனுக்குப் புரியவைக்கவே அப்படிச் செய்தாராம். இதை ஹாலிவுட்டின் மேல் இருந்த கோபம் என்று சிலர் எழுதினார்கள், துறவு மனம் என்று சிலர். மகன் சொன்னதற்கு மேல் நாமாக ஒன்றைச் சேர்ப்பது நியாயமில்லை. என் பங்குக்கு ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். எறிந்தது ஒரு படத்துக்கு வாங்கிய விருதை. பதினாறு வயதில் தொடங்கிய வேலை இசைத்தட்டுகளில் பத்திரமாக இருக்கிறது, அதை எறிய யாராலும் முடியாது.

1950 முதல் 54 வரையிலான விக்டர் பதிவுகள் ஜப்பானில் குறுந்தகடாக வந்திருக்கின்றன, நான்சி உமேகி என்ற பெயரில். மியோஷி என்று தேடினால் பெரும்பாலும் மெர்க்குரியில் போய்த்தான் நிற்பீர்கள், அதனால் இரண்டு பெயரிலும் தேடுங்கள். விக்டரில் தொடங்குங்கள். அதற்கடுத்து ஃப்ளவர் டிரம் சாங்கின் மேடைக்குழு இசைத்தட்டு, படத்தின் இசைத்தட்டு இல்லை. இரண்டும் முடித்துவிட்டு நேரமிருந்தால் மெர்க்குரி. ஆஸ்கர் மேடைக் காணொளியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், விட்டுப்போனாலும் பெரிய நஷ்டமில்லை.